கம்பியை அகற்றிய மிருக வியாபாரி
கார்ல் ஹாகன்பெக்கின் கதை

ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் ஒரு மீன் வியாபாரி இருந்தார். 1848-ம் ஆண்டில் அவருக்காக மீன் பிடித்தவர்களின் வலையில் ஆறு கடல்நாய்கள் சிக்கின. அவற்றை மரத்தொட்டியில் விட்டு, காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டினார். கூட்டம் அலை மோதியது.

அவருடைய மகன்தான் கார்ல் ஹாகன்பெக். 1844-ல் பிறந்த அவர், 1866-ல் தொழிலை ஏற்றார். யானை, சிங்கம், காண்டாமிருகம் என்று மிருகக்காட்சி சாலைகளும் சர்க்கஸ்காரர்களும் கேட்டதையெல்லாம் தருவித்துக் கொடுத்தார். உலகின் மிகப்பெரிய மிருக வியாபாரி என்று பெயர் பெற்றார்.

குட்டிக்காகத் தாயைக் கொன்றார்கள்

வளர்ந்த மிருகத்தைப் பிடிப்பது கடினம். ஆகவே, வேட்டைக்காரர்கள் தாயைக் கொன்று குட்டியைப் பிடித்தார்கள். பிடிபட்ட குட்டிகளிலும் பல, வழியிலேயே இறந்தன.

மனிதர்களையும் அவர் காட்சிக்கு வைத்தார். 1880-ல் லாப்ரடாரிலிருந்து எட்டு எஸ்கிமோக்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களுக்கு உரிய காலத்தில் அம்மை குத்தவில்லை. சில மாதங்களுக்குள் எட்டுப் பேரும் பெரியம்மைக்குப் பலியானார்கள்!

கூண்டுக்குப் பதில் அகழி

அதே ஹாகன்பெக், மிருகங்களை அடித்தும் சுட்டும் பழக்குவதை வெறுத்தார். தீனி கொடுத்து, தட்டிக்கொடுத்துப் பழக்கினார். ஒவ்வொரு மிருகமும் எவ்வளவு தூரம் தாண்டும் என்று சோதித்துப் பார்த்து, அதற்கேற்ப அகழி வெட்டினார். 1907-ல் ஸ்டெல்லிங்கனில் அவருடைய தோட்டம் திறக்கப்பட்டது. கம்பியில்லாமல் சிங்கத்தைக் கண்டு மக்கள் பிரமித்தார்கள். பிறகு உலகெங்கும் இந்த முறை பரவியது. நம் வண்டலூரிலும் அகழிகளைக் காணலாம்.

ஆனால் கம்பி மறைந்தது யாருக்கு? பார்ப்பவருக்குத்தான். சிங்கத்துக்கு அகழியும் சிறைச்சுவரே.

திரும்பிய குதிரைகள்

1901-ல் மங்கோலியப் பகுதியிலிருந்து 28 காட்டுக் குதிரைக் குட்டிகள் அவரிடம் வந்து சேர்ந்தன. விற்பதற்காக வந்தவை அவை. 1960-களின் முடிவில் அந்தக் குதிரை இனம் காட்டில் அற்றுப் போயிற்று. காட்சி சாலைகளில் இருந்தவை மட்டுமே மிஞ்சின. அவற்றின் வம்சம் 1992-ல் மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பியது.

ஹாகன்பெக் 1913-ல் காலமானார். அவருடைய வாழ்க்கை நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. அடைத்து வைப்பது அந்த மிருகத்தின் நன்மைக்கா, நம் வேடிக்கைக்கா? ஒவ்வொரு காட்சி சாலையும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.