இரத்த நோய்களுக்கு மருந்து தேடிய சுப்பாராவ்

1922ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குளிர் தொடங்கியிருந்த வேளையில் இந்திய இளைஞர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். சென்னையில் மருத்துவம் படித்தவர் அவர். ஆனால், அவருடைய பட்டத்தைக் கொண்டு அந்நாட்டில் மருத்துவராகப் பணிபுரிய வழியில்லை. பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்களைப் பற்றிப் படித்தார். வயிற்றுப்பாட்டிற்காக இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவினார். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தது. குடும்பத்தில் வறுமை. சிறுவயதில் படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று எண்ணி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்! அந்தத் திட்டம் பலிக்கவில்லை. தாயார் வெங்கம்மா அவரை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். தந்தை இறந்த பிறகு நகைகளை விற்றும் மகனைப் படிக்கவைத்தார். சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சுப்பாராவ், மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார்.

பின்னர், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்கும் கதராடை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வில் நன்றாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது.

அவர் மனத்தை மாற்றியது இந்த ஏமாற்றம் அன்று. அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோயினர். இருவரையும் பறித்தது ‘ஸ்புரூ’ எனப்படும் குடல்நோய். இந்நோய் கண்டவரின் குடல், உண்ட உணவிலுள்ள சத்துகளை ஈர்த்துக்கொள்ளாது. உடல் நாளுக்கு நாள் மெலியும். இரத்தம் குன்றிச் சோகை உண்டாகும். மருத்துவம் கற்றிருந்தும் சுப்பாராவால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று அந்நோய்க்கு மருந்தே இல்லை. அந்த மருந்தைத் தேடித்தான் அவர் கப்பல் ஏறினார். மாமனார் பணம் கொடுத்து உதவினார். இளம் மனைவி சேசகிரி ஊரிலேயே தங்கினார்.

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கே என்பவருடன் இணைந்து சுப்பாராவ் உயிர்வேதியியல் ஆய்வில் இறங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் எளிய முறையை இருவரும் உருவாக்கினர். 1925ஆம் ஆண்டு வெளிவந்த அம்முறை இன்றும் அவ்விருவரின் பெயரால் வழங்குகிறது. தசைகளுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கும் ஏ.டி.பி. என்ற பொருளையும் அவர்கள் தசையில் கண்டறிந்தனர். இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி வழங்கவில்லை.

அக்காலத்தில் பாஸ்டன் மருத்துவர்கள் ஒரு புதுமையான வைத்தியம் செய்துவந்தனர். கொடிய சோகை நோயால் வாடியவர்களுக்கு நாள்தோறும் ஏறக்குறைய கால் கிலோ ஈரலை உண்ணக் கொடுத்தனர். நோயாளிகள் பிழைத்தனர்! ஆனால், ஈரலில் இருக்கும் எந்தப் பொருள் அவர்களைக் காக்கிறது என்பது எவருக்கும் தெரியவில்லை. இதற்கிடையில், இந்தியாவில் பணியாற்றிய லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் சோகையால் வருந்திய கருவுற்ற பெண்களுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தினார். ஈஸ்டிலும் ஏதோ ஒன்று இருந்தது. சுப்பாராவ் ஈரலைப் பகுத்துப் பகுத்து ஆராயத் தொடங்கினார்.

1940ஆம் ஆண்டு அவர் நியூயார்க் மாநிலத்திலுள்ள லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு அவருடைய தலைமையில் பெரிய குழு ஒன்று உழைத்தது. போலிக் அமிலம் என்ற வைட்டமினை ஈரலிலிருந்து பிரித்தெடுத்ததோடு, 1945ஆம் ஆண்டு அதனை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகத் தயாரித்தும் காட்டியது அக்குழு. கீரையிலும் ஈரலிலும் மிகச் சிறிய அளவிலேயே இருக்கும் பொருள் இப்போது தேவையான அளவு கிடைத்தது. கியூபாவிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்புரூ நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. அவர்கள் தேறினர். சகோதரர்கள் இறந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தாலே சுப்பாராவ் பெரிய மனிதர்தான். ஆனால், அதே அமிலம் அவரை வேறொரு நோயிடம் அழைத்துச் சென்றது.

நம் எலும்பு மச்சையில் ஒவ்வொரு நொடியும் புதிய இரத்த அணுக்கள் உருவாகின்றன. அணுக்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் தேவை. இரத்தப் புற்றுநோயில் முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அக்காலத்தில் இந்நோய் கடுமையாகத் தாக்கிய குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவர். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி பார்பர், போலிக் அமில வகைகளை இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக, புற்றணுக்கள் மேலும் விரைவாகப் பெருகின. அந்தத் தோல்வியிலிருந்து ஒரு வழி புலப்பட்டது. போலிக் அமிலம் புற்றணுக்களை வளர்க்கிறது என்றால், அதனைத் தடுத்துவிட்டால் என்ன?

அதற்கான பொருளை உருவாக்கித் தந்தது சுப்பாராவின் குழு. தோற்றத்தில் போலிக் அமிலத்தைப் போலவே இருக்கும். ஆனால், அதன் வேலையைச் செய்யாது. பொருந்தாத சாவி பூட்டுக்குள் சிக்கிக்கொண்டால் சரியான சாவியை நுழைக்க முடியாதல்லவா? அதுபோலவே இப்பொருள் அணுவுக்குள் புகுந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அணுவால் பெருக இயலாது. இதற்கு அமினோப்டெரின் என்று பெயர்.

பார்பர் அதனைக் கடும் இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களுள் 10 பேரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து நடந்தனர். இம்முடிவுகள் 1948ஆம் ஆண்டு சூன் மாதம் மருத்துவ இதழில் வெளிவந்தன. அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. எனினும், குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்றுதான் முதன்முதலில் தெரியவந்தது. அந்நோயை மருத்துவர்களே கைவிட்டிருந்த காலம் அது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அக்கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 53. பாஸ்டனில் இறங்கிய நாள்முதல் அவர் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. அவர் சென்ற பிறகு பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டான். மகனின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. மனைவியையும் அவர் மீண்டும் சந்திக்கவில்லை. அறிவியலுக்காக அவர் கொடுத்த விலையில் ஒரு பகுதியைச் சேசகிரியும் சேர்ந்தே கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளிலும் மேடைகளிலும் தம் குழுவினரை முன்னிறுத்திவிட்டுத் தாம் பின்னால் நிற்பது சுப்பாராவின் வழக்கம். அதனால்தானோ என்னவோ, அவர் பெயரை அறிந்தவர் குறைவு. இந்திய அரசு 1995ஆம் ஆண்டு, அவருடைய நூற்றாண்டு விழாவின்போது அஞ்சல் தலை வெளியிட்டது.

அமினோப்டெரினைத் தொடர்ந்து, அதே ஆய்வுக்கூடத்தில் உருவான அதன் உறவுப்பொருள்தான் மெத்தோடிரெக்சேட். இன்று மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில், குழந்தைகளுக்குப் பரவலாக வரும் இரத்தப் புற்றுநோயிலிருந்து பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அவர்களுக்குப் பல மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. மெத்தோடிரெக்சேட் இன்றும் அவற்றுள் ஒன்று.