பாறையின் வயதறிந்த பெண்மணி

மரத்தின் வயதை அதன் வளையங்களைக் கொண்டு அறியலாம் என்று நாம் படித்திருக்கிறோம். மண்ணுக்கடியில் பல நூறு அடி ஆழத்தில் கிடக்கும் பாறையின் வயதை எவ்வாறு அறிவது? அதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் எஸ்தர் ஆப்ளின் அம்மையார்.

எஸ்தர் ரிச்சர்ட்ஸ் என்னும் இயற்பெயருடைய இவர், 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் பொறியாளர். அல்கட்ராஸ் தீவில் சிறைச்சாலை கட்டும் பணியை அவர் ஏற்றதால், 1907இல் குடும்பம் அங்கே குடியேறியது. எஸ்தர் தீவிலிருந்து படகேறிப் பள்ளிக்குச் சென்று வந்தார். 1919இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஹூஸ்டன் நகரில் ரியோ பிராவோ எண்ணெய்க் கம்பெனியில் பணியேற்றார்.

அக்காலத்தில் எண்ணெய் தேடுவோருக்கு ஓர் இடர் இருந்தது. கிணறு துளைக்கும் கருவி, பாறையில் புதைந்த சிப்பிகளையும் சங்குகளையும் நொறுக்கிவிடும். மேலே வரும் தூளைக் கொண்டு, எந்த அடுக்கை எட்டியிருக்கிறோம் என்று கூறுவது கடினம். எஸ்தர் அத்தூளை நுண்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். ஃபொராமினிஃபெரா எனப்படும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள், மிகச் சிறியவையாதலால், நொறுங்காமல் தப்பியிருந்தன. இவற்றின் இனங்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. ஆகவே, பல மைல் தொலைவிலுள்ள இரு கிணறுகளில் ஒரே இனத்தொகுதி கிடைத்தால், அவ்வடுக்குகள் ஒரே காலத்தவை என்று துணியலாம்.

1921இல் ஆம்ஹர்ஸ்ட் நகரில் கூடிய நிலவியலார் மாநாட்டில் இக்கருத்தை அவர் எடுத்துரைத்தார். கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த பெண்ணின் பேச்சு என்று பேராசிரியர் ஒருவர் அவையறிய எள்ளி நகைத்தார். அதனால் எஸ்தர் தம் ஆய்வைக் கைவிடவில்லை. வேறு எண்ணெய்க் கம்பெனிகளில் பணியாற்றிய ஆல்வா எல்லிசர், ஹெட்விக் நைக்கர் என்னும் இரு பெண்மணிகளும் அவருடன் சேர்ந்தனர். டெக்சஸ், லூசியானா கடற்கரைச் சமவெளியின் அடிநில அடுக்குகளை நுண்ணுயிர்ப் படிவங்களைக் கொண்டு வரிசைப்படுத்தி, மூவரும் 1925இல் கட்டுரை வெளியிட்டனர். எண்ணெய்க் கம்பெனிகள் இம்முறையை ஏற்றுக்கொண்டன.

1923இல் நிலவியலறிஞர் பால் ஆப்ளினை மணந்த எஸ்தர், 1944 முதல் 1962 வரை அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்தார். 1972இல் மறைந்தார்.

தோழியரே, கையிலுள்ள சான்று உறுதியானதாயின், அவையில் எழும் சிரிப்புக்கு அஞ்சாது நாமும் உழைப்போமாக!