வாரிசு சொல்லாமல் இறந்த மன்னர்
ராணி மீனாட்சியின் சோக வரலாறு

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது திருவெறும்பூர். அங்கே ஒரு சிறிய குன்று. அதன் மேல் சிவன் கோயில். தேவர்கள் எறும்பு உருவத்தில் வந்து வழிபட்டதாகச் சொல்லும் தலம் அது.

அமைதியான இந்தக் குன்றின் மேல் 1752ஆம் ஆண்டில் பீரங்கிகள் ஏறின! ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் பிரெஞ்சுப் படை தங்கியது. திருச்சிக் கோட்டைக்குள் ஆங்கிலேயப் படை இருந்தது. காவிரிக் கரை முழுவதும் போர்க்களம் ஆயிற்று.

அந்த நிலை வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே விதை விழுந்துவிட்டது. ஒரு மன்னர் தமக்குப் பிறகு யார் என்று சொல்லாமல் கண்ணை மூடினார். அந்தத் துன்பம் முழுவதும் அவருடைய மனைவியின் தலையில் விழுந்தது. அவர்தான் ராணி மீனாட்சி.

பாட்டியும் பேரனும்

மதுரை நாயக்கர் வம்சத்து மன்னர் விஜயரங்க சொக்கநாதர். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை அம்மை நோயில் இறந்தார். தாயும் விரைவில் மறைந்தார். பாட்டி ராணி மங்கம்மாள்தான் குழந்தையை எடுத்து வளர்த்தார். பேரன் பெயரால் 1689 முதல் 1706 வரை நாட்டையும் ஆண்டார்.

மங்கம்மாளும் விதவைதான். ஆனால் அவர் கையில் ஒரு குழந்தை இருந்தது. அடுத்த மன்னர் இவர்தான் என்று நாடு முழுவதும் அறிந்திருந்தது. அதனால் அவர் ஆட்சி நிலைத்தது.

பேரன் வளர்ந்து மன்னரானார். திருச்சியிலிருந்து 26 ஆண்டுகள் ஆண்டார். பக்தி மிகுந்தவர். கோயில் கோயிலாகச் சென்று வாரி வழங்கினார். ஸ்ரீரங்கம் கோயிலில் அவருடைய உருவச் சிலையை இன்றும் காணலாம்.

எல்லாம் கொடுத்த மன்னர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. உயிரோடு இருக்கும்போது யாரையும் தத்து எடுக்கவும் இல்லை. 1732இல் அவர் இறந்தபோது சிம்மாசனம் வெறுமையாக நின்றது.

மகன் இங்கே, தந்தை எதிரே

ராணி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்தவர் பங்காரு திருமலை. அவருடைய சிறு மகனை ராணி தத்து எடுத்தார். பையன் பெரியவன் ஆகும் வரை தாம் ஆள்வது என்பது ராணியின் எண்ணம்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் மன்னர். செய்தவரோ அவர் மனைவி. அதுவும் மன்னர் இறந்த பிறகு!

பங்காரு திருமலைக்கு ஆசை வந்தது. மகனுக்கு உரிமை உண்டு என்றால் தந்தைக்கு இல்லையா என்று வாதம் கிளப்பினார். தளவாய் வெங்கடாசாரியும் அவர் பக்கம் சேர்ந்தார். அரண்மனை இரண்டாகப் பிளந்தது. இறந்தவரின் விருப்பம் இதுதான் என்று எடுத்துக்காட்ட யாரிடமும் ஓர் ஓலை கூட இல்லை.

ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அல்லவா?

பஞ்சாயத்துக்கு வந்தவர்

1734இல் ஆர்க்காட்டு நவாபின் படை தெற்கே வந்தது. நவாபின் மகன் சப்தர் அலியும், மருமகன் சந்தா சாகிப்பும் அதற்குத் தலைவர்கள். பங்காரு திருமலை அவர்களிடம் போய் முறையிட்டார். பணம் தருவதாகவும் சொன்னார். சப்தர் அலி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். தீர்ப்பை நிறைவேற்றும் வேலை சந்தா சாகிப்பிடம் வந்தது.

ராணி பயந்து போனார். அவரும் சந்தா சாகிப்புக்குத் தூது அனுப்பினார். ஒரு கோடி ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார் என்று வரலாற்று நூல்கள் கூறும். ராணிக்குத் துணை நிற்பதாகச் சந்தா சாகிப் சத்தியம் செய்து கொடுத்தார். புனித நூல் என்று சொல்லி, துணியில் சுற்றிய செங்கல்லின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, சத்தியம் நிற்கவில்லை என்பது மட்டும் உண்மை.

இடையில் ராணிக்கும் பங்காருவுக்கும் சமாதானம் ஏற்பட்டது. பங்காரு மதுரைக்குப் போனார். முதலிலேயே இப்படி உட்கார்ந்து பேசியிருந்தால்! ஆனால் காலம் கடந்துவிட்டது.

1736இல் சந்தா சாகிப் மீண்டும் வந்தார். அவரை நம்பி ராணி கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். அவர் படை திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் சென்று பங்காருவைத் துரத்தியது. அடுத்து ராணியையே அரண்மனைக்குள் சிறை வைத்தார் சந்தா சாகிப். மனம் உடைந்த ராணி நஞ்சு உண்டு மாண்டார். 200 ஆண்டு நாயக்கர் ஆட்சி அத்துடன் முடிந்தது.

சந்தா சாகிப்பும் நிம்மதியாக வாழவில்லை. 1741இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து அவரைச் சத்தாராவுக்குக் கொண்டு போனார்கள். ஆண்டுகள் கழித்து விடுதலையாகி வந்து மறுபடியும் திருச்சிக்காகப் போரிட்டார். 1752இல் தோற்று, தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்து, தலை வெட்டப்பட்டார். திருவெறும்பூர்க் குன்றில் பீரங்கி ஏறியது அந்தப் போரில்தான்.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

நாடு ஆனாலும் நாலு சென்ட் நிலம் ஆனாலும் வழக்கு ஒன்றுதான். உடையவர் வாய் திறக்காமல் போனால், வீட்டார் அடித்துக்கொள்வார்கள். நடுவில் வருபவர் வாரிக்கொண்டு போவார்.

இன்று நமக்குச் சட்டம் துணை இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சொத்து, 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். வேறு விதமாகக் கொடுக்க விரும்பினால் உயில் எழுத வேண்டும். முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத் தாள் போதும். எழுதியவர் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காமல் இருப்பது நல்லது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சந்தேகம் கிளம்பாது.

பாங்குக் கணக்கில் நாமினி போட்டுவிட்டோம், போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பணம் வாரிசுகளுக்கே உரியது. தத்துப் பிள்ளை இருந்தால் அதற்கும் பத்திரம் எழுதிப் பதிந்து வையுங்கள். உயில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று பயப்படுவோர் உண்டு. விஜயரங்க சொக்கநாதர் எழுதவில்லை. அதனால் அவர் ஆயுள் கூடிவிடவில்லை. அவருடைய மனைவியின் ஆயுள்தான் குறைந்தது.