சட்டமன்ற இருக்கையும் சட்ட ஆக்கமும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பொதுவாழ்வு

முன்னுரை

1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968), இந்தியச் சட்டமன்றங்களில் அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்ணாவார். அவரை மேலவைத் துணைத்தலைவர் எனக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. இது பொருட்பிழைக்கு இடந்தருகிறது. இரட்டையாட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்திற்கு ஓரவையே இருந்தது. ஈரவை முறை 1937இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அவர் வகித்தது மாகாணத்தின் முழுச் சட்டமன்றத்திற்குரிய துணைத்தலைமையாகும். அவ்விருக்கை அவருடைய சட்டப்பணிக்கு எவ்வகையில் பயன்பட்டது, எங்கு பயன்படாமற் போயிற்று என்பதை இக்கட்டுரை அவர்தம் வாழ்க்கைவழி ஆராய்கிறது.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886 சூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். பாஞ்சாலங்குறிச்சி வட்டார மக்கள் நினைவில் புதுக்கோட்டை, கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்த தொண்டைமான் சீமையாகவே நிலைத்துள்ளது. அச்சீமையின் மன்னர் கல்லூரியே பின்னாளில், எதிர்ப்புகளுக்கிடையே, ஒரு பெண்ணை முதன்முதலாக மாணவியாக ஏற்றது. அப்பெண் முத்துலட்சுமி. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1925இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார்.

நியமன உறுப்பினர்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் கிடைத்தது. எனினும் அது சொத்துத் தகுதிக்கு உட்பட்டதாகையால் பெண் வாக்காளர் தொகை மிகச் சிறியதாக இருந்தது. 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயா வெற்றி பெறவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி நியமன உறுப்பினராக அவைக்குள் வந்தார். அவருக்கெனத் தொகுதியும் வாக்காளரும் கட்சியும் இல்லை. அவ்வாறிருந்தும் அவை அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராக்கியது. அவைத்தலைவர் இல்லாதபோது அவையை நடத்துவது துணைத்தலைவர் கடமை. அந்நேரத்தில் அவர் நடுநிலை காக்க வேண்டும். பிற வேளைகளில் உறுப்பினராக வாதிடவும் தீர்மானம் கொணரவும் அவருக்கு உரிமை இருந்தது. முத்துலட்சுமி சட்டப்பணி ஆற்றியது இந்த இரண்டாம் நிலையிலேயே.

தேவதாசி முறையும் சட்டமும்

கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்னும் தீர்மானம் அவர் முயற்சியால் 1927 நவம்பரில் நிறைவேறியது. விவாதத்திற்குரியதாக இருந்தது அவருடைய தாய்வழி மரபினரின் வாழ்வேயாகும். சமய மரபில் அரசு தலையிடலாகாது எனக் கருதி எதிர்த்தோருள் எஸ். சத்தியமூர்த்தியும் ஒருவர். தேவதாசியருள் ஒரு பகுதியினரும் தம் தொழிலும் உரிமையும் பறிபோகும் என அஞ்சி அரசிடம் முறையிட்டனர். கலைமரபும் பெண்வழிச் சொத்துரிமையும் இச்சீர்திருத்தத்தால் குன்றின எனப் பிற்கால ஆய்வாளர் கூறுவதை இவ்வெதிர்ப்போடு இணைத்து நோக்க வேண்டும்.

அவ்வச்சத்தின் பொருளியல் அடிப்படையை முத்துலட்சுமி அறிந்திருந்தார் என்பதற்கு 1929ஆம் ஆண்டு இந்து அறநிலையத் திருத்தச் சட்டம் சான்றாகும். தேவதாசியர் துய்த்த மானிய நிலங்கள் கோயிற்பணியோடு பிணைக்கப்பட்டிருந்தன; பணியை விட்டால் நிலமும் போகும். இச்சட்டம் அப்பிணைப்பை அறுத்து, குறிப்பிட்ட வரி செலுத்தி நிலத்தைத் தமதாகவே வைத்துக்கொள்ள வழிசெய்தது. ஆயினும் மானியம் பெற்றவர்க்கே இது பயன்பட்டது. நிலமற்றோர்க்கு மாற்றுவாழ்வு எதனையும் தரவில்லை.

பதவி விலகலும் பிற்பணிகளும்

பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் சட்டவரைவை 1930இல் கொணர்ந்தார். அவ்வாண்டே உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானதை எதிர்த்து உறுப்பினர் பதவியைத் துறந்தார். தாம் தொடங்கிய சட்டப்பணி முடியுமுன்னரே, அதனை முடித்தற்குரிய இடத்தை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. தேவதாசி ஒப்படைப்புத் தடைச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அரசின் நியமனத்தால் பெற்ற இடத்திலிருந்து அரசை எதிர்த்து விலகியது அறத்தின்பாற்பட்டதே. எனினும் அதனால் விளைந்த காலத்தாழ்வை அவர் வாழ்க்கையை எழுதுவோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

சட்டம் தராத மாற்றுவாழ்வை நிறுவனம்வழி உருவாக்க அவர் முனைந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து மீண்ட சிறுமியர்க்குப் புகலிடமாக 1930இல் ஔவை இல்லத்தை நிறுவினார். உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டிய அம்மருத்துவமனை 1954இல் செயற்படத் தொடங்கியது. 1956இல் பத்மபூசண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 சூலை 22 அன்று மறைந்தார்.

முடிவுரை

முத்துலட்சுமி ரெட்டியை முதல் பெண் என்னும் சிறப்பால் மட்டும் மதிப்பிடுவது போதாது. துணைத்தலைமை அவருக்கு மதிப்பைத் தந்தது. சட்டத்தை ஆக்கியது உறுப்பினராக அவர் நடத்திய வாதமும் நிலவுரிமை பற்றிய அவருடைய தெளிவுமாகும். பெண்கள் அவைத்தலைமை ஏற்ற வரலாற்றை எழுதுங்கால், யார் எப்போது அவ்விருக்கையில் அமர்ந்தார் என்பதோடு, அங்கிருந்து எச்சட்டம் நிறைவேறியது, எது நிறைவேறாது நின்றது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.