கோதுமை விதைகளைத் தேடிய விஞ்ஞானி நிக்கொலாய் வாவிலோவ்



காலையில் நீங்கள் உண்ணும் பாணும், மாலையில் உண்ணும் றொட்டியும் கோதுமை மாவினால் ஆனவை. இலங்கையில் கோதுமை வர்த்தக ரீதியாகப் பயிரிடப்படுவதில்லை. வேறு நாடுகளின் வயல்களிலேயே அது பெருமளவில் விளைகிறது. எந்த நிலத்தில் எந்தக் கோதுமை வர்க்கத்தை விதைப்பது என்ற கேள்விக்கு விடை தேடித் தமது வாழ்நாளை அர்ப்பணித்த ஒருவரின் வரலாற்றை இப்போது படிக்கப் போகிறீர்கள். உலகத்தின் பட்டினியைப் போக்க உழைத்த அவர், இறுதியில் சிறையிற் பட்டினியால் நலிந்து இறந்தார். அது ஏன் நேர்ந்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மாரிக் கோதுமை என்றால் என்ன?

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாரி என்றவுடன் உங்களுக்கு மழை ஞாபகத்திற்கு வரும். ரஷ்யா போன்ற நாடுகளில் மாரிகாலம் என்பது பனி உறையும் கடுங்குளிர்க் காலமாகும். அங்கு கோதுமை இரு வகைப்படும். இளவேனிற் காலத்தில் விதைத்து அதே ஆண்டில் அறுவடை செய்வது இளவேனிற் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, முளைத்துச் சிறு பயிராகப் பனியின் கீழ் குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த கோடையில் அறுவடைக்கு வருவது மாரிக் கோதுமை.

மாரிக் கோதுமை பனி உருகும்போது கிடைக்கும் ஈரத்தைப் பயன்படுத்தி விரைவாக வளரும். கோடை வரட்சிக்கு முன்னர் முதிர்ந்துவிடும். பொதுவாக விளைச்சலும் அதிகம். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. பனிப் போர்வை போதியளவு இல்லாத ஆண்டில் கடுங்குளிர் வந்தால், பயிர் முழுவதும் வயலிலேயே செத்துவிடும். மேலும், மாரிக் கோதுமைக்குக் குளிர் ஓரளவு தேவைப்படுகிறது. குளிர்படாத விதையை இளவேனிலில் விதைத்தால் அது இலை விட்டு நிற்குமேயன்றி உரிய காலத்திற் கதிர் தள்ளாது. எனவே குளிரைத் தாங்கும் ஆற்றல், முதிரும் காலம், துரு நோய்க்கு எதிர்ப்பு, சாயாமல் நிற்கும் தண்டு ஆகியவற்றைப் பார்த்தே ஒரு வர்க்கத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். பிழையான தெரிவு ஒரு மாவட்டத்தையே பட்டினியில் தள்ளக்கூடும்.

இளமையும் கல்வியும்

நிக்கொலாய் இவானோவிச் வாவிலோவ் 1887 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் திகதி மொஸ்கோவிற் பிறந்தார். தந்தையார் கிராமத்திலிருந்து வந்து வணிகத்தில் முன்னேறியவர். தம்பி சேர்கே வாவிலோவும் பின்னாளிற் புகழ்பெற்ற பௌதிகவியலாளரானார். நிக்கொலாய் மொஸ்கோ விவசாயக் கல்லூரியிற் கற்று, 1911 இல் கல்வியை முடித்தார். பின்னர் 1913 இல் இங்கிலாந்து சென்று, பிறப்புரிமையியலின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் பேற்சனிடம் பயின்றார்.

அங்கு அவர் ஆராய்ந்த விடயம் பயிர்களின் நோயெதிர்ப்பு ஆகும். ஒரே வயலில் ஒரு கோதுமை பங்கசு நோயால் அழிகிறது. அருகிலுள்ள இன்னொன்று நோயின்றி நிற்கிறது. இந்த வேறுபாடு பரம்பரையாகக் கடத்தப்படுமாயின், நோயெதிர்க்கும் கோதுமையையும் நல்ல விளைச்சல் தரும் கோதுமையையும் கலந்து, இரு குணங்களும் உள்ள புதிய வர்க்கத்தை உருவாக்கலாம் அல்லவா? ஆனால் அதற்கு வேண்டிய குணங்களைக் கொண்ட விதைகள் கையில் இருக்க வேண்டும். அவை எங்கே உள்ளன? இந்தக் கேள்வியே அவரை உலகம் சுற்ற வைத்தது.

மலைகளில் கற்ற பாடம்

1916 இல் அவர் பாரசீகத்திற்கும் பாமிர் மலைப் பகுதிக்கும் சென்றார். அங்கு ஒரு புதுமையைக் கண்டார். தாழ்ந்த நிலங்களில் மாரிக் கோதுமை வயல்களில் றை என்னும் தானியம் களையாக வளர்ந்திருந்தது. மலையில் மேலே செல்லச் செல்லக் குளிர் கூடியது. கோதுமை குறைந்து றை பெருகியது. மிக உயரத்தில் றை மட்டுமே எஞ்சியது. குளிரைக் கூடுதலாகத் தாங்கக்கூடியது றை என்பதால், இயற்கையே கோதுமையை விலக்கி அதனைத் தெரிவு செய்துவிட்டது. களையாக இருந்த றை இவ்வாறே பயிராக மாறியது என வாவிலோவ் விளக்கினார். விவசாயி விரும்பும் பயிர் வேறு, நிலமும் காலநிலையும் அனுமதிக்கும் பயிர் வேறு என்பதை அவர் அந்த மலைகளிற் கற்றார்.

1917 இல் சராத்தோவ் நகரிற் பேராசிரியரானார். நெருங்கிய உறவுள்ள தாவர இனங்களில் ஒத்த வேறுபாடுகள் மீண்டும் மீண்டும் தோன்றும் என்ற விதியை 1920 இல் அந்நகரில் நடந்த மாநாட்டில் வெளியிட்டார். ஒரு தானியத்தில் ஒரு குணம் காணப்பட்டால், அதன் உறவினத்திலும் அதனைத் தேடலாம் என்பது இவ்விதியின் பயனாகும்.

விதைச் சேகரிப்பு

1921 இல் பெற்றோகிராட் நகரிலிருந்த பிரயோகத் தாவரவியல் நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டில் வொல்கா ஆற்றுப் பிரதேசத்தில் வரட்சியும் கொடும் பஞ்சமும் ஏற்பட்டு இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பஞ்சத்தின் நடுவே பணியைத் தொடங்கிய அவர், அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று விதைகளைத் திரட்டினார். தொடர்ந்து 1924 இல் ஆப்கானிஸ்தான், 1926, 1927 ஆகிய ஆண்டுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளும் எதியோப்பியாவும், 1929 இல் மேற்குச் சீனம், யப்பான், கொரியா, பின்னர் அமெரிக்கக் கண்டங்கள் என அவரது பயணங்கள் நீண்டன. ஒரு பயிரின் வேறுபாடுகள் மிக அதிகமாகக் காணப்படும் இடமே அப்பயிர் தோன்றிய இடமாக இருத்தல் கூடும் என்ற கருத்தை 1926 இல் நூலாக வெளியிட்டார்.

1940 அளவில் அவரது நிறுவனத்தில் ஏறத்தாழ 250,000 விதை மாதிரிகள் இருந்தன. அவர் விதைகளைச் சேர்த்து அடுக்கி வைத்ததோடு நிற்கவில்லை. 1923 முதல் ஒரே வர்க்கங்களை நாட்டின் வெவ்வேறு காலநிலைப் பகுதிகளில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் விதைத்துப் பார்க்கச் செய்தார். ஒரு நல்ல வர்க்கத்தை உருவாக்கிப் பல ஆண்டுகள் பரீட்சித்து விவசாயியிடம் கொடுக்க 10, 12 ஆண்டுகள் செல்லும் என்பதே அவரது கணிப்பாகும். ஒரு வருடக் குளிர் மிதமாக இருக்கலாம். மறு வருடம் கொடியதாக இருக்கலாம். பல குளிர்காலங்களைக் கண்டாலன்றி ஒரு மாரிக் கோதுமையை நம்ப முடியாதல்லவா?

லைசென்கோவுடன் முரண்பாடு

1927 தொடக்கம் 1929 வரையான இரு குளிர்காலங்களில் உக்ரேனில் மாரிக் கோதுமை பெருமளவில் உறைந்து அழிந்தது. அரசு உடனடித் தீர்வை வேண்டி நின்றது. அவ்வேளையில் துரோபிம் லைசென்கோ என்னும் இளம் விவசாய ஆய்வாளர் முன்வந்தார். மாரிக் கோதுமை விதையை நனைத்துக் குளிரில் வைத்த பின் இளவேனிலில் விதைத்தால் அது கதிர் தள்ளும் என்றார். குளிரூட்டினால் கதிர் தள்ளும் என்பது உண்மையே. அது முன்னரே அறியப்பட்ட ஒன்றாகும். வாவிலோவும் ஆரம்பத்தில் அம்முயற்சிக்கு ஆதரவளித்தார். ஆனால் லைசென்கோ அத்துடன் நிற்கவில்லை. இம்முறையால் நாடு முழுவதும் விளைச்சல் பெருகும் என்றார். மிகச் சில செடிகளை வைத்துக்கொண்டு, மாரிக் கோதுமையின் பரம்பரை இயல்பையே மாற்றிவிட்டதாகவும் கூறினார். பரம்பரையலகுகள் பற்றிய விஞ்ஞானத்தை அவர் நிராகரித்தார்.

1931 இல் அரசு, புதிய வர்க்கங்களை 4, 5 ஆண்டுகளுக்குள் உருவாக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. லைசென்கோ அதிலும் குறைந்த காலத்தில் தருவதாக வாக்களித்தார். வாவிலோவ் முடியாததை முடியும் என்று சொல்ல விரும்பவில்லை. அதனால் ஆட்சியாளர் ஸ்டாலினின் ஆதரவு லைசென்கோவுக்குக் கிடைத்தது. 1929 முதல் 1935 வரை விவசாய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக இருந்தவர் வாவிலோவ். 1938 இல் அப்பதவியில் லைசென்கோ அமர்ந்தார்.

சிறையும் மரணமும்

1940 ஆகஸ்ட் 6 ஆம் திகதி, மேற்கு உக்ரேனில் விதை சேகரிப்புப் பயணத்தில் இருந்தபோது வாவிலோவ் கைது செய்யப்பட்டார். விவசாயத்தை நாசப்படுத்தியதாகவும் உளவு பார்த்ததாகவும் பொய்க் குற்றங்கள் சுமத்தப்பட்டன. 1941 யூலையில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1942 இல் அது 20 ஆண்டுச் சிறைத் தண்டனையாக மாற்றப்பட்டது. அதே ஆண்டில், அவர் சிறையில் வாடிக்கொண்டிருந்தபோது, இலண்டன் றோயல் சங்கம் அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தெரிவு செய்தது. 1943 சனவரி 26 ஆம் திகதி, முன்னர் தாம் பேராசிரியராக இருந்த அதே சராத்தோவ் நகரின் சிறைச்சாலையில், போதிய உணவின்றி நலிந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 55.

இதே காலத்தில் ஜேர்மன் படைகள் லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டிருந்தன. நகர மக்கள் பட்டினியால் மடிந்தனர். வாவிலோவின் சக ஊழியர்கள் விதை மூட்டைகளின் நடுவே இருந்தும் அவற்றை உண்ணவில்லை. அவர்களுட் பலர் இறந்தனர். நெல் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்த திமித்ரி இவானோவும் பட்டினியால் இறந்தார். அவர் காத்த நெல் அப்படியே இருந்தது.

அவர் விட்டுச் சென்றது

1955 இல் வாவிலோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். 1959 இல் கிரஸ்னதார் நகரில் பவெல் லுக்கியானென்கோ உருவாக்கிய பெசோஸ்தயா 1 என்னும் மாரிக் கோதுமை பயிர்ச்செய்கைக்கு வந்து, சோவியத் நாட்டிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் துருக்கியிலும் பெரும் பரப்பில் விளைந்தது. அதன் மூதாதைகளுள் ஒன்று, வாவிலோவ் நிறுவனத்தின் சேகரிப்பின் வழியாகக் கிடைத்த ஆர்ஜென்டீனக் கோதுமையாகும். அவசரக்காரர்கள் வாக்களித்த கோதுமை வரவில்லை. பொறுமையுடன் சேர்த்த விதையிலிருந்து நல்ல கோதுமை வந்தது. அந்நிறுவனம் இன்று சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வாவிலோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே, பரீட்சைக்குக் குறுக்குவழி காட்டுவோர் உங்களிடமும் வருவார்கள். எதிர்பார்க்கப்படும் பத்து வினாக்களைப் பாடமாக்கினாற் போதும் என்பார்கள். அப்போது வாவிலோவை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மை தாமதமாக வரலாம். அதற்காகப் பொய்யைக் கையில் எடுக்கலாகாது என்பதே அவரது வாழ்க்கை நமக்குத் தரும் பாடமாகும்.

நினைவிற் கொள்க

1887 – பிறப்பு
1916 – பாரசீகம், பாமிர் பயணம்
1920 – ஒத்த வேறுபாடுகள் பற்றிய விதி
1926 – பயிர்களின் தோற்ற மையங்கள் பற்றிய நூல்
1940 – கைது
1943 – மறைவு
1955 – குற்றமற்றவர் என அறிவிப்பு

பயிற்சி வினாக்கள்

1. மாரிக் கோதுமைக்கும் இளவேனிற் கோதுமைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு தருக.
2. மாரிக் கோதுமை வர்க்கமொன்றைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டிய இயல்புகள் மூன்றினைக் குறிப்பிடுக.
3. மலைப் பகுதியில் றை தானியம் பயிராக மாறியமைக்கு வாவிலோவ் கூறிய காரணத்தை விளக்குக.
4. புதிய வர்க்கத்தை உருவாக்க நீண்ட காலம் தேவை என வாவிலோவ் கருதியது ஏன்?
5. லெனின்கிராட் முற்றுகையின்போது நிறுவன ஊழியர்கள் செய்த தியாகம் பற்றி ஐந்து வசனங்களில் எழுதுக.