ஓமந்தூரார்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்த ஊர் ஓமந்தூர். இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இங்கு 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் இராமசாமி பிறந்தார். திண்டிவனத்தில் இருந்த வால்டர் ஸ்கடர் பள்ளியில் பயின்றார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தை ஆளும் பொறுப்பு அவரைத் தேடி வந்தபோதும் ஓமந்தூரார் என்று ஊரின் பெயராலேயே மக்கள் அவரை அழைத்தனர்.

அக்காலத் தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமும் இருந்தன. கிணறு வேறு, சுடுகாடு வேறு. நிலத்தில் நாற்று நட்டவருக்கும் களத்தில் நெல் தூற்றியவருக்கும் அவ்வூர்க் கோயிலின் வாயிலுக்குள் இடமில்லை. நிலம் உடையோரில் பலர் தம்மை இரக்கமற்றவராக எண்ணியதில்லை. பொங்கலுக்குப் புதுத்துணி கொடுத்தனர். பஞ்சகாலத்தில் கூழ் ஊற்றினர். உள்ளத்தில் வெறுப்பு இல்லாதபோது வேற்றுமை பாராட்டுவதாக எப்படிச் சொல்லலாம் என்பதே அவர்கள் எண்ணம். வெளியே நின்றவரோ எவருடைய உள்ளத்தையும் அளந்து பார்க்கவில்லை. மூடிய கதவையே பார்த்தார்.

விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டோரிடையே வேறோர் எண்ணம் வேரூன்றியிருந்தது. பாகுபாடு என்றவுடன் அவர்கள் நினைவுக்கு வந்தது வெள்ளையர் செருக்கே. 1893ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் இரயில் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிகழ்ச்சியைப் படித்தவர் அனைவரும் அறிந்திருந்தனர். தென்னாப்பிரிக்க அரசு அங்குள்ள இந்தியரை நிறத்தால் இழிவுபடுத்துவதை 1946இல் இந்தியா ஐக்கிய நாடுகள் அவைக்கு முறையீடாகக் கொண்டு சென்றது. விஜயலட்சுமி பண்டிட் அங்கு வழக்குரைத்தார். தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றோரின் வழித்தோன்றல்களும் அவ்விந்தியருள் இருந்தமையால் அவ்வழக்கு தமிழர்க்கு அயலார் வழக்கன்று. எனினும் அதே ஆண்டில் தமிழகத்துக் கோயில்கள் பலவற்றின் வாயில்கள் பிறப்பைக் காரணமாகக் காட்டி மூடப்பட்டே இருந்தன. கடல் கடந்த நாட்டில் இனவெறி எனப்பட்டது சொந்த ஊரில் வழக்கம் எனப்பட்டது.

ஓமந்தூரார் காங்கிரசு இயக்கத்தில் இணைந்து போராடிச் சிறை சென்றவர். தென்னார்க்காடு மாவட்டக் காங்கிரசை வழிநடத்தியவர். எளிமையான உடையும் உழவருக்குரிய ஒளிவுமறைவற்ற பேச்சும் கொண்டவர். வள்ளலாரிடமும் இரமண மகரிஷியிடமும் ஆழ்ந்த பற்றுடையவர். காமராசர் உள்ளிட்டோரின் ஆதரவுடன் 1947ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர் ஆனார். நாடு விடுதலை பெற்ற நாளில் மாகாண ஆட்சி அவர் கையில் இருந்தது.

அவ்வாண்டிலேயே கோயில் நுழைவு உரிமைச் சட்டம் நிறைவேறியது. இதற்குமுன் 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றதும், அதையொட்டி இராஜாஜி அரசு ஒரு சட்டம் இயற்றியதும் அனைவரும் அறிந்தவை. ஆயினும் அச்சட்டத்தின்படி, கதவைத் திறப்பதற்குக் கோயில் பொறுப்பாளர்களின் இசைவு வேண்டியிருந்தது. மனம் மாறிய இடத்தில் கதவு திறந்தது. மாறாத இடத்தில் மூடியே கிடந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டமோ எவருடைய மனமாற்றத்துக்காகவும் காத்திருக்கவில்லை. எச்சாதியில் பிறந்த இந்துவும் கோயிலுக்குள் சென்று வழிபடலாம் என்பதை உரிமையாக்கியது. தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அருளாளர் உளம் கனிந்து அளிக்கும் கொடையாக இருந்த ஒன்று, கேட்டுப் பெறத்தக்க உரிமையாக மாறியது. இவ்வேறுபாடு சிறிதன்று. சட்டம் வந்த மறுநாளே எல்லா ஊர்களிலும் கதவு திறந்துவிடவில்லை என்பதும் உண்மை.

அடுத்து எழுந்த சிக்கல் கோயிலைவிடக் கடினமானது. அரசுப் பணிகளை வகுப்புவாரியாகப் பகிரும் ஆணை சென்னை மாகாணத்தில் 1928 முதல் நடைமுறையில் இருந்தது. அதன்படி 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவருக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 என இடங்கள் அமைந்தன. ஓமந்தூரார் அரசு 1947 நவம்பரில் இதனை 14 இடங்களாகத் திருத்தி அமைத்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது புதிய பங்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கெனத் தனி இடம் இப்போதுதான் கிடைத்தது. ஒடுக்கப்பட்டோரின் இடம் இரண்டாயிற்று.

இங்கே பாகுபாடு என்னும் ஒரே சொல்லை இரு தரப்பாரும் எதிரெதிர்ப் பொருளில் ஆண்டனர். விண்ணப்பத்தில் சாதியைக் கேட்பதே பாகுபாடு. விடுதலை பெற்ற நாட்டின் அரசு எவர் பிறப்பையும் பாராது தகுதியை மட்டும் பார்க்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். நிறைந்த மதிப்பெண் பெற்றும் இடம் கிடைக்காத மாணவரின் குறை அவர்கள் கண்முன் நின்றது, அதுவும் புறந்தள்ளத்தக்கதன்று. மற்றொரு சாராரோ, பல நூற்றாண்டுகள் பிறப்பைப் பார்த்தே பள்ளியும் பதவியும் வழங்கிவிட்டு, பங்கு கேட்கும் வேளையில் பிறப்பைப் பார்க்கலாகாது என்பது பழைய பங்கீட்டை அப்படியே காப்பதாகும் என்றனர். ஓமந்தூரார் இரண்டாம் வழியில் நின்றார். இவ்வழக்கு அவர் பதவி விலகிய பின்னும் தொடர்ந்தது. 1951இல் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது எனத் தீர்ப்பளிக்க, அதே ஆண்டில் இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிறந்தது.

அவரை எதிர்த்தோர் தாடியில்லாத இராமசாமி என்று அவருக்குப் பட்டம் சூட்டினர். தாடியுடைய இராமசாமி பெரியார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விந்தை என்னவெனில், பெரியாரின் கருஞ்சட்டைப் படையை 1948இல் தடை செய்ததும், பெரியார் எதிர்த்த இந்திக் கல்வியைப் பள்ளிகளில் கொண்டு வந்ததும் இதே ஓமந்தூரார் அரசுதான். அவர் கடவுளை மறுத்தவரல்லர். கோயிலை அனைவருக்கும் திறக்க முனைந்தவரும் நாள்தோறும் இறைவனை வணங்கிய ஒருவரே.

தேவதாசி முறை ஒழிப்பு, முழு மதுவிலக்கு, ஜமீன் ஒழிப்பு ஆகியவற்றுக்கான சட்டங்களும் அவர் காலத்தவை. பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு பெற்று மக்களுக்கு உரியதாக்கும் பணியும் அப்போதே தொடங்கியது. பரிந்துரைகளுக்குச் செவிசாய்க்காத அவரது கண்டிப்பு, கட்சிக்குள்ளேயே எதிர்ப்பை வளர்த்தது. 1949 ஏப்ரலில் பதவியிலிருந்து விலகினார்.

பின்னர் அவர் சென்றது வடலூருக்கு. அங்குச் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவிக் கல்விப் பணியிலும் ஆதரவற்றோரைக் காக்கும் பணியிலும் ஈடுபட்டார். 1965ஆம் ஆண்டு, இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐ.நா. அவை ஏற்றது. அதில் இனம், நிறம் ஆகியவற்றோடு வம்சாவளி என்ற சொல்லும் இடம்பெற்றது. அச்சொல் சாதியையும் குறிக்குமா என்பது 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த உலக மாநாட்டில் பெரும் விவாதமாயிற்று. குறிக்காது என்றது இந்திய அரசு, குறிக்கும் என்றனர் தலித் அமைப்பினர்.

வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு அணையாது எரிகிறது. வருவோரிடம் சாதி கேட்கப்படுவதில்லை. அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். அவ்வூரையே தம் பிற்கால வாழ்வின் இடமாகக் கொண்ட ஓமந்தூரார் 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார்.