மழலையர்க்குப் புத்தகம் தந்த சங்கர்

நாடாள்வோரைக் கேலிச் சித்திரத்தால் சிந்திக்க வைத்தவர். அதே தூரிகையால் மழலையரை மகிழ வைத்தவர். அவரே சங்கர் எனப் புகழ்பெற்ற கே. சங்கர் பிள்ளை.

இவர் 1902ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்தார். பள்ளி நாட்களில், வகுப்பிலே உறங்கிவிட்ட ஆசிரியரை அப்படியே வரைந்துவிட்டார். தலைமையாசிரியர் சினந்தார். வீட்டுப் பெரியவர் ஒருவரோ அக்கோடுகளில் திறமையைக் கண்டு ஊக்குவித்தார்.

சட்டம் பயிலப் பம்பாய் சென்றவர், படிப்பைப் பாதியில் விட்டார். 1932இல் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழில் ஓவியராகச் சேர்ந்தார். 1948இல் சங்கர்ஸ் வீக்லி என்ற வார இதழைத் தொடங்கினார். பிரதமர் நேருவையும் அவர் தூரிகை விட்டுவைக்கவில்லை. ஆயினும் இருவரின் நட்பும் குறையவில்லை. 1949இல் குழந்தைகளுக்கான ஓவிய, எழுத்துப் போட்டியை ஆரம்பித்தார். விரைவில் பல நாட்டுச் சிறுவர் சிறுமியரும் அதில் பங்கேற்றனர்.

அக்காலத்தில் நம் நாட்டில் கிடைத்த நல்ல வண்ணப் படப் புத்தகங்களுள் பல கடல் கடந்து வந்தவை, விலையும் அதிகம். அவற்றில் பனி பொழியும், கணப்பு எரியும். நம் திண்ணையும் கிணற்றடியும் இரா. இக்குறை தீர, 1957இல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையை நிறுவினார். அரசின் கடனுதவியுடன் டில்லியில் நேரு இல்லம் எழுந்தது. சொந்த அச்சகமும் அமைந்தது. அழகிய படங்களுடன் எளிய விலையில் நூல்கள் வெளிவந்தன. தம் பாட்டனார் வீட்டில் செய்த குறும்புகளைத் தாமே எழுதி, படமும் வரைந்து ஒரு நூலாக்கினார். கேரளக் கிராமத்துக் குடும்ப வாழ்வு அதில் கண்முன் நிற்கிறது.

1965இல் பொம்மை அருங்காட்சியகமும் கண்டார். 1975இல் வார இதழ் நின்றது. குழந்தைப் பணி நிற்கவில்லை. 1976இல் பத்மவிபூஷண் கிடைத்தது. 1977இல் போலந்து நாட்டுக் குழந்தைகள் புன்னகை விருது அளித்தனர். 1989ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மறைந்தார்.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக்கு இவர் காட்டிய வழி மிகவும் தேவை. ஆலை வேலைக்கென இங்கு குடியேறிய குடும்பங்கள் பல. தாத்தாவும் பாட்டியும் தொலைதூரச் சொந்த ஊரில் இருக்கிறார்கள். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து பிறகுதான் புரியும்; பாட்டியின் படம் பார்த்தவுடனே புரியும்.

ஆகவே தோழியரே! நம் தம்பி தங்கையரை அருகில் அமர்த்தி, நாள்தோறும் ஒரு படப் புத்தகத்தை விரித்துக் காட்டுவோம். அதுவே சங்கருக்கு நாம் செலுத்தும் நன்றி.